மூன்று இழுப்பு

ஒரு இழுப்பென்றால் நிறுத்து.
இரண்டென்றால் கரி.
மூன்றென்றால் ஆள்.
மேலே தகரடப்பாவுக்குள் ஒரு போல்ட் குலுங்கும்.
இந்தக் கம்பிக்கு வேறு பேச்சு தெரியாது.

கம்பெனி தன் பெரிய சுரங்கத்தைப் பூட்டிக்கொண்டு போனபின்
ஷமோக்கின் மலைச்சரிவெங்கும் எலிவளை.
எங்களுடையது அறுபதடி ஆழம்,
சமையலறை மேசையின் அகலம்.
அந்த மேசையைத் தூக்கிவந்துதான் அளவெடுத்தோம்.

பழைய ஃபோர்டின் பின்சக்கரத்தைக் கழற்றி
அச்சில் கயிறு சுற்றியிருக்கிறோம்.
கடல் பார்க்கப் போகலாமென்று வாங்கிய கார்.
இப்போது அறுபதடி ஓடுகிறது,
மேலும் கீழும்.

உள்ளே காஜிஸ் நிற்பதில்லை.
ஒருக்களித்துப் படுத்து
ஒரு தோளைத் தண்ணீரில் ஊறவிட்டு
மறுதோளால் கொத்துகிறான்.
கூரை முனகினால் விளக்கைத் திருப்பி
அவன் ரொட்டிக்கு வந்த எலிகள்
இன்னும் இருக்கின்றனவா என்று பார்ப்பான்.
இருந்தால் மறுபடி கொத்து.

முட்டுக்கு ஒரு மரம் வெட்டி இறக்க அரைநாள்.
அரைநாளுக்கு லாரிக்காரன் காசு தருவதில்லை,
அவன் கரிக்குத்தான் தருவான், அதிலும் கல் இருந்தால் கழிப்பான்.
முட்டுக்கும் முட்டுக்கும் நடுவே இடைவெளி
கடையில் கடன் ஏற ஏற நீண்டது.

செவ்வாய்க்கிழமை கூரை அவன் தோளில் இறங்கியது.
இரண்டு இழுப்பு வந்தது.
கரி என்று நினைத்துக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
பிறகுதான் மூன்றாவது வந்தது.

வியாழன் அவன் கட்டிலில்.
வெடிமருந்துப் பெட்டியோடு கம்பெனி ஆட்கள் மூவர்.
குழியின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டேன்.
உள்ளே ஆள் இருக்கு என்றேன்.
"மேலே எடு. காத்திருக்கோம்."
இருவர் பெட்டியைப் பிரிக்கப் போனார்கள்.
ப்ராபர்ட் மட்டும் நின்றான்,
இருபது வருஷம் கம்பெனிக்குக் கரி வெட்டி
இடதுகையின் இரண்டு விரலை உள்ளேயே விட்டுவந்தவன்.

எஞ்சினை முடுக்கினேன்,
ஆள் ஏறும் வேகத்தில், மெதுவாக.
ஆளைச் சுமக்கும் கயிறு இழையும்,
காலி வாளிக் கயிறு துள்ளும்.
துள்ளியது.
அவன் கயிற்றைப் பார்த்தான். என் கையைப் பார்த்தான்.
முப்பதடி. நாற்பது.
ஐம்பதில் குனிந்து
கம்பியை ஒரே ஒரு தடவை இழுத்தான்.

டப்பா குலுங்கியது.
நிறுத்தினேன்.

"வரமாட்டேங்கிறான்,"
அவர்களைப் பார்த்துக் கத்தினான்.
"ஆளை வச்சு மூட முடியாது. இன்னொரு நாள் பாப்போம்."
என்னிடம் எதுவும் சொல்லவில்லை.
தொப்பியைத் தொடவும் இல்லை.

பத்தடி ஆழத்தில் வாளி ஆடிக்கொண்டிருந்தது.
இன்னொரு நாள் எந்த நாளோ,
லாரி வருவது சனிக்கிழமை.
காஜிஸின் முட்டித்தோலை எடுத்துக் கட்டிக்கொண்டேன்.
டானுதேயை எஞ்சினருகே நிறுத்தினேன்.
ஒன்று, இரண்டு, மூன்று எல்லாம் அவளுக்குத் தெரியும்.
பிரேக்குக்குத்தான் கால் எட்டவில்லை.
முட்டுக்கென்று வெட்டிய மரத்தில்
ஒரு துண்டு அறுத்துப் போட்டேன்.
ஏறி நின்றாள்.
எட்டியது.