நாலரை நாள்

சத்துவாச்சாரி கோர்ட்டில் எங்களைக் கூப்பிட்டபோது
மணி பதினொன்றே கால்.
மாவு மில் மாதிரி இரைந்தது மின்விசிறி.
வாசித்ததில் காதில் விழுந்தது இவ்வளவுதான்:
ரெஜினாள் மங்களூருக்கு வேலைக்குப் போகலாம்.
குழந்தை அவளோடு போகலாம்.
வாரம் இரண்டு முறை வீடியோ காலில் தகப்பன் பேசலாம்.
பள்ளி விடுமுறையில் பாதி தகப்பனுக்கு.

தசரா விடுமுறை ஒன்பது நாளாம்.
வக்கீல் விரலை மடக்கி, நாலரை என்றார்.
"அரை நாளை எப்படி சார் பிரிக்கறது?"
"அதெல்லாம் நீங்களே பேசிக்கணும்."
பேசிக்கொள்ள முடிந்திருந்தால்
உமக்கு எதற்கய்யா பீஸ்.

ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில்
கட்டிங் செக்‌ஷன் நான்.
இங்கிலாந்துப் பிள்ளைகளின் கால் அளவு
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.
என் கெசியாவின் கால் மட்டும்
போன் திரைக்குள் வருவதே இல்லை.
நெற்றி தெரியும், சீலிங் தெரியும்,
சில நாள் ஒரு காது மட்டும்.
மழை பெய்யுதுப்பா என்பாள்.
எப்போது கேட்டாலும் அங்கே மழை.
இங்கே பாலாற்றில் லாரித் தடம்.

போன கிறிஸ்துமசுக்குக் குத்துமதிப்பாய்ப்
பன்னிரண்டாம் நம்பர் வாங்கிவைத்தேன்.
குதிகால் உள்ளே போகவில்லை.
பின்பக்கத்தை மடித்து மிதித்துக்கொண்டு
செருப்பு போலப் போட்டு நடந்தாள்,
நான் பார்க்கும்போதெல்லாம்.

இந்தத் தசராவில், ஐந்தாம் நாள் மதியம்,
கூட்டிப்போக ரெஜினாளே வந்திருந்தாள்.
காட்பாடி இரண்டாவது பிளாட்பாரம்.
வண்டி ஐந்து மணி நேரம் தாமதம் என்று
மூன்று பாஷையில் சொன்னார்கள்.
எந்தப் பாஷையிலும் குறையவில்லை.

ஒரே பெஞ்ச். நடுவில் கெசியா.
இட்லிப் பொட்டலம் பிரித்ததில் சாம்பார் ஒழுகி
அவள் புடவையிலா என் சட்டையிலா என்று பார்த்தால்
இரண்டிலும்.
பேச ஒன்றுமில்லை, ஆனாலும் பேசினோம்.
தண்ணீர் லாரி. அவள் வார்டில் ஓடிப்போன ஒரு நோயாளி.
நான் விற்ற பைக்குக்குக் கிடைத்த விலை.
ஏமாந்துட்டீங்க என்றாள், பழைய குரலில்.
கெசியா இரண்டு பேர் மடியிலுமாய்த் தூங்கிப்போனாள்,
தலை அவளிடம், கால் என்னிடம்.
ஷூவைக் கழற்றி
என் சாணால் அளக்கலாமா என்று பார்த்தேன்.
எழுந்துவிடுவாள் என்று விட்டுவிட்டேன்.

தூரத்தில் விளக்கு தெரிந்ததும்
ரெஜினாள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள்.
ஆஸ்பத்திரி சார்ட். அதன் பின்பக்கம்
பென்சிலால் சுற்றி வரைந்த இரண்டு பாதம்.
"தேதி போட்டிருக்கு. மாசாமாசம் அனுப்பறேன்."
வேறொன்றும் சொல்லவில்லை. வண்டி இரண்டு நிமிஷம்தான் நின்றது.

மறுநாள் ஷிப்டில் அளவுப் பலகையில் வைத்துப் பார்த்தேன்.
பதிமூன்றைத் தாண்டிவிட்டது.
எங்கள் கணக்கில் பதிமூன்றுக்கு அப்புறம்
பதினாலு கிடையாது.
மறுபடி ஒன்று.

வலது பாதம் சுத்தமான கோடு.
இடதில் மட்டும் சுண்டுவிரலுக்குப் பக்கத்தில்
பென்சில் எங்கோ வழுக்கிப் போயிருக்கிறது.
கூச்சத்தில் இழுத்திருப்பாள்.