டெஸ்ட் டிரைவ், கீழக்கரை

ஏப்ரல் முழுக்க ஷோரூமில்
ஒரு வண்டி நகரவில்லை.
தரை துடைக்கும் செல்லத்தாய்தான்
தினம் கதவைத் திறந்து சாத்துவாள்,
பேட்டரிக்கு உயிர் இருக்கிறதா என்று.

ஜெர்மனியில் புறப்பட்ட கடிதம்
மும்பையில் இளைத்து
சென்னையில் இன்னும் இளைத்து
மதுரையில் என் மேசைக்கு ஒற்றை வரியாய் வந்தது:
அங்கே வாங்க ஆளில்லை, இங்கே தேடு.
கூடவே ஒரு வரைபடம்.
தேவிபட்டினம் தொடங்கி வாலிநோக்கம் வரை
கரையோரம் பச்சை மையில் கோடு.
வளரும் சந்தையாம்.
பச்சை என்றால் இந்தப் பக்கம்
சீமைக்கருவேலம்தான்.
கம்பெனிக்கு யார் சொல்வது.

சக்கரக்கோட்டை கேட்டில் ரயிலுக்கு நின்றபோது
கரிமூட்டை லாரியிலிருந்து இறங்கிய ஒருவன்
எங்கள் பானெட்டில் முகம் பார்த்துத்
தலை சீவிக்கொண்டான்.
அன்றைக்கு வண்டியால் பயனடைந்த முதல் ஆள்.

பட்டியலில் முதல் பெயர் மஹ்மூது நெய்னா.
வயது முப்பத்து நாலு.
துபாய், கட்டடச் சாமான் வியாபாரம்.
வருமானக் கட்டத்தில் மூன்று நட்சத்திரம்.
அவர் தெருவுக்குள் வண்டி நுழையவில்லை.
காதுகளை மடக்கியும் நுழையவில்லை.
"ஜெட்டிக்கு வந்திருங்க, நான் நடந்து வாரேன்" என்றார் போனில்.

வந்தவர்
நேரே இடப்பக்கக் கதவைத் திறந்தார்.
ஸ்டியரிங் இல்லாத இடத்தைப்
பார்த்துக்கொண்டு நின்றார்.
"பழக்கம்."
சிரித்தபடி சுற்றி வந்தார்.

நான் மனப்பாடத்தைத் தொடங்கினேன்.
எட்டு காற்றுப்பை,
பதினாறு ஸ்பீக்கர்,
பூஜ்யத்திலிருந்து நூறுக்கு
ஆறே வினாடி.
அதற்குள் அவர் விரல்கள்
கதவிலிருந்த பொத்தானைப் பார்க்காமலே தொட,
இருக்கை பின்னால் போனது,
கொஞ்சம் தாழ்ந்தது,
கண்ணாடி ரெண்டும் குனிந்தன.
வலப்பக்கம் கியர் தேடிய கை மட்டும்
வெறுங்காற்றைப் பிடித்து
இடப்பக்கம் திரும்பியது.
பேச்சை நிறுத்தினேன்.

ஏர்வாடி வரை அவரும் பேசவில்லை.
வேகத்தடைக்கு முன்பே
வண்டியின் அடிவயிறு தெரிந்தவர்போல் மெதுவாக்கினார்.
ஆட்டுக்கு நின்றார்.
திரும்பி வரும்போதுதான்,

"என்னது கறுப்பு.
ஏர்போர்ட் பார்க்கிங்ல, தூணுக்குப் பக்கத்துல.
சாவி உள்ளேயே கெடக்கு.
பதினெட்டுத் தவணை பாக்கி.
செக் திரும்புறதுக்கு முந்தி
நான் திரும்பிட்டேன்."

பிறகு ஏசியைக் குறைத்தார்.
"மேல மணல் ஏறியிருக்கும்.
யாராச்சும் விரலால பேர் எழுதியிருப்பான்."

ஜெட்டியில் இறங்கி
கண்ணாடியில் படிந்த உப்பைச்
சட்டைக் கையால் ஒரு இழு இழுத்தார்.
"நல்ல தண்ணி ஊத்தித் தொடைங்க,
இந்தக் காத்து பெயிண்டைத் தின்னுரும்" என்றார்.
"குடம் அஞ்சு ரூபா" என்றும் சொன்னார்.
அவருக்கு அன்று மாலை
ஒரு மளிகைக்கடையில் கணக்கெழுதும் வேலைக்கு
ஆள் பார்க்க வேண்டியிருந்தது.

படிவத்தில், வாங்காததற்குக் காரணம்:
விலை. நிறம். போட்டி நிறுவனம். மற்றவை.
மற்றவைக்கு எதிரே
அரை விரல்கடை இடம் விட்டிருந்தார்கள்.
வாடிக்கையாளருக்கு வண்டி நன்கு பரிச்சயம்
என்று எழுதினேன்.
மேனேஜர் அதைப் படித்துவிட்டு
மறுபடி போகச் சொன்னார்.

அது மறுநாள்.
அன்று இரவு
பரமக்குடி தாண்டி, டீக்கு நிறுத்தி,
மறுபடி ஏறி உட்கார்ந்தேன்.
இருட்டில் ஏதோ ஒரு பொத்தானில் கை பட்டது.
இருக்கை தானாகப் பின்னால் போயிற்று.
என்னைவிட நெட்டையான ஒருவருக்கு
இடம் விட்டு, கொஞ்சம் தாழ்ந்து,
அந்த இடத்திலேயே நின்றது.
பிரேக் எனக்கு எட்டவில்லை.