பிறந்த வரிசை

இரவு இரண்டு மணி. எலேனா குடிலில்
கஞ்சி வேக மறுக்கிறது. உயரம் அப்படி.
அரைவேக்காட்டில் ஆளுக்கொரு கோப்பை குடித்துவிட்டுத்
தலைவிளக்கு, கயிறு, இரும்புப் பல் வைத்த காலணி.
மூன்று நாள் சேற்றில் நடந்த ரப்பர் பூட்ஸ்கள்
வாசலில் வாய் பிளந்து கிடக்கின்றன.

ஹால்வார்ட் பெர்கன் நகரத்துக்காரர். கப்பல் எஞ்சின் பார்ப்பவர்.
பீகோ சதுப்பில் இடுப்புவரை இறங்கியபோதும்
ஒரு பிளாஸ்டிக் உறையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்.
உள்ளே என்ன என்று நான் கேட்கவில்லை.
ருவென்சோரிக்கு வருகிறவர்கள் எதையாவது கொண்டுவருவார்கள்.
சாம்பல், மோதிரம்,
ஒருமுறை ஒருவர் நாயின் கழுத்துப்பட்டை.

விடியும்போது பனியின் விளிம்பில் உறையைத் திறந்தார்.
1938. அவருடைய பெரியப்பா.
மீசையில் பனி, கையில் கோடாரி,
காலடியில் பனிக்கட்டி, மேடைபோல்.
பின்னால் நால்வர்.
போர்வை, வெறுங்கால்.
ஒருவன் சிரிக்கிறான்.
ஒருவன் கேமராவைப் பார்க்காமல்
இறக்கிவைத்த மூட்டையையே பார்க்கிறான்.
அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.
மறுபடி அதைத் தூக்கவேண்டும்.

படத்தின் முதுகில் அவர் மொழியில் ஒரு வரி.
படித்துச் சொன்னார்:
'நானும் நான்கு சுமைக்காரர்களும்.'

'அதே இடத்தில் நில்லுங்கள், கபுகோ' என்றார்.
பாறைக் கீறலைப் படத்துக் கீறலோடு பொருத்தி
இடப்பக்கம், வலப்பக்கம், இன்னும் மேலே என்று கைகாட்டினார்.
மேலே எங்கே?
பெரியப்பா நின்ற இடம் என் தலைக்கு மேல்
பத்து ஆள் உயரத்தில் இருக்கிறது.
அதன் வழியாக ஓர் அண்டங்காக்கை
சாவகாசமாய்ப் பறந்துபோயிற்று.

பனி இறங்க இறங்க
நாங்கள் ஏணியைக் கீழ்நோக்கி நீட்டுகிறோம்.
நான் சுமைதூக்க வந்த வருஷம் பதினோரு படி.
இப்போது எத்தனை என்று
காசேசே வெல்டிங் பட்டறைக்காரனைத்தான் கேட்கவேண்டும்.
பனியை எங்களில் தந்தை என்பார்கள்.
தந்தை மெலிவதை வீட்டில் யாரும் பேசுவதில்லை,
கஞ்சியை மட்டும் இன்னும் கொஞ்சம் நீர்க்க ஊற்றுவார்கள்.

சிகரத்துக்கு ஒரு ராணியின் பெயர்.
பக்கத்துச் சிகரத்துக்கு இன்னொரு ராணி.
இந்த நால்வருக்கு எண்ணிக்கை.

'பெயர் தெரிந்தால் நன்றாயிருக்கும்' என்றார்.
'தெரியும்' என்றேன்.
பேயைக் கண்டதுபோல் பார்த்தார்.

கொன்சோ மக்களுக்குப் பிறந்த வரிசைதான் பெயர்.
மூத்தவன் பலுகு, அடுத்தவன் புவம்பாலே,
பிறகு மசெரெகா, நான்காவது குலே.
நான் மூன்றாவது பெண், அதனால் கபுகோ.
சந்தையில் 'குலே' என்று கூப்பிட்டால்
ஐம்பது தலை திரும்பும், ஓர் ஆடும் திரும்பும்.
இவர்கள் நால்வரும்
இந்தப் பெயர்களுக்குள்தான் எங்கோ இருப்பார்கள்.
ஆளை மாற்றிச் சொல்லிவிடலாம், ஒருவேளை நால்வருமே மூத்த பிள்ளைகள்.
இருந்தாலும் சிரிக்கிறவன் குலே என்று வைத்தேன்,
பின்னால் பிறந்தவனுக்குத்தான் அந்தத் திமிர்.
மூட்டையைப் பார்ப்பவன் பலுகு. சத்தியமாக.

எழுதப் பேனாவை எடுத்தார். மை உறைந்திருந்தது.
ஊதினார், உதறினார்,
கையுறையைக் கழற்றித் தேய்த்தார். விரல் வெளுத்தது.
வாங்கி, மூன்று சட்டைக்கு அடியில்
என் அக்குளில் செருகிக்கொண்டேன்.
தீக்கொள்ளிபோல் சுட்டது குளிர்.

உச்சிக்கு இன்னும் ஒரு மணி நேரம்.
ஒரு கையை உடம்போடு ஒட்டி
இறக்கை அடிபட்ட கோழிபோல் முன்னே நடந்தேன்.
கயிற்றின் அந்த முனையில் அவர்
அடிக்கு ஒன்றாய், மறந்துவிடாமலிருக்க,
பலுகு. புவம்பாலே.
மசெரெகா.

நான்காவதற்கு மூச்சு போதவில்லை.
'குலே' என்றேன்,
திரும்பாமல்.