பேச்சுக் கணக்கு

ஏற்காட்டுப் பள்ளியொன்றில்
பதினோரு வருடமாக நான் எழுத்தர்.
சம்பளப் பட்டியல், பால் கணக்கு, ஜெனரேட்டர் டீசல்,
அப்புறம் சிவப்பு அட்டை போட்ட ஒரு நீள நோட்டு.
தேதி, பெயர், வகுப்பு, பேசிய சொல், தொகை.
தமிழில் பேசினால் சொல்லுக்கு இரண்டு ரூபாய்.
வாக்கியமாக இருந்தால் ஐந்து.

பெரிய சொற்கள் இல்லை.
பசிக்குது.
கூசுது.
போடா.
அட.
'அட'வுக்கு அபராதம் உண்டா என்று
ஒரு மதியம் முழுக்க விவாதம் நடந்தது.
உண்டு.
முடிவைச் சொல்லி எழுந்த ஃப்ளாரன்ஸ் மிஸ்
நாற்காலிக் காலில் விரலை இடித்துக்கொண்டு
"என்டம்மோ" என்றார்.
அதற்கு நோட்டில் கட்டம் இல்லை.

ஜூலையில், மூடுபனி இறங்கிய விளையாட்டு நேரம்.
சில்வர் ஓக்கில் ஏறிய மிளகுக்கொடியில்
பச்சை விரியன்.
அடியில் குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தான்
திருப்பூர் ஏற்றுமதியாளர் ஒருவரின் மகன்.
"அசையாத!" என்று கத்தினாள் கோகிலவாணி.
ஏழாம் வகுப்பு, ஊர் வெள்ளக்கடை,
இருபத்தைந்து சதவீத ஒதுக்கீடு.
அவன் அசையவில்லை. பிழைத்தான்.
ஒரு சொல், இரண்டு ரூபாய்.
நான்தான் எழுதினேன்.

அடுத்த வாரம் அவள் பெயரில் இன்னொரு சொல்.
லீடர் பெண் மூன்று முறை அடித்து அடித்து எழுதியிருந்தாள்.
எனக்கும் விளங்கவில்லை,
சேலம் அரசுக் கல்லூரியில் தமிழ் படித்தவனுக்கு.
ஜன்னலுக்குக் கூப்பிட்டுக் கேட்டேன்.
"ஒரு கீரை சார். எங்க ஊர்ல அப்படித்தான் சொல்வோம்.
கட்டுரையில எழுதினேன்,
தமிழே இல்லன்னு தமிழ் மிஸ் சிவப்பு மையால சுழிச்சாங்க."
அப்படியானால் இது எந்த மொழிக்கான அபராதம்
என்று அவள் கேட்கவில்லை.
ரசீது கேட்டாள்.
அப்பாவிடம் காட்ட வேண்டுமாம்.

என்னை நல்லவனாக்கிவிட வேண்டாம்.
என் மகள் நிவிஷாவும் இங்கேதான், ஊழியர் சலுகையில்.
இரும்பாலை நேர்முகத் தேர்வில்
ஒரு கேள்விக்கு நாலு நிமிடம்
மேசையையே பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.
விடை தெரியும். தமிழில் தெரியும்.
அந்த மேசையின் சன்மைக்காப் பூ
இன்றைக்கும் இதழ் இதழாக நினைவிருக்கிறது.
அவள் அப்படி ஒரு மேசைக்கு முன் உட்கார்ந்தால்
பூவைப் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான்.
தாய்மொழிக் கல்விக் கூட்டங்களில்
கடைசிவரை இருந்து கைதட்டுவேன்.
ஃபீஸ் கட்டும் கடைசித் தேதியையும் மறந்ததில்லை.
அவள் பெயர் நோட்டில் இரண்டு இடத்தில் உண்டு.

மார்ச்சில் கூட்டல்.
ஏழும் எட்டும் பதினஞ்சு, அஞ்சு போகக் கையில ஒண்ணு.
உதடு அசைவது எந்த மொழியில் என்று
அப்போதுதான் கவனித்தேன்.
நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தேன்.
யாரும் இல்லை.
நாலாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு.

அந்தப் பணத்தில் கோப்பை வாங்குவது வழக்கம்,
சிறந்த ஆங்கிலப் பேச்சாளருக்கு.
இருபது கொண்டை ஊசியும் இறங்கி
செவ்வாய்ப்பேட்டையில் ஒரு சந்து.
வெள்ளி முலாம். எழுத்து வெட்டுகிறவர் மாதப்பன்.
நான் எழுதிக் கொடுத்த காகிதத்தைத்
தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொண்டார்.
"எழுத்துன்னு நெனச்சா கை தடுமாறும் சார்.
கோலம்னு நெனச்சுத்தான் வெட்டணும்."
ஒரு பிசிறு இல்லை.
ஊதித் துடைத்துக் கையில் தந்துவிட்டுக் கேட்டார்,
"என்ன சார் போட்டிருக்கு இதுல?"

எலொக்வன்ஸ்.
சொல்வன்மை, நாவன்மை எல்லாம் தொண்டைவரை வந்தன.
"பேச்சுன்னு" என்றேன்.
"பேச்சுக்கா இத்தன எழுத்து?"

கூலி நூற்றைம்பது.
ரசீதுப் புத்தகம் கிடையாதாம்.
நானே எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினேன்.
மாதப்பன் என்று
சுழி பிசகாமல் தமிழில் போட்டார்.

ஒரு சொல்.
என் கை சட்டைப்பைக்குள் போய்த்
தானாகப் பேனாவைத் தேடியது.