பதினோராம் தொட்டி

வாழைப்பழம் ஏற்றிப் போன பெட்டகம் இது.
காம்போவாவில், கால்வாய்க்குப் பக்கத்தில்,
இப்போது எங்கும் போகாமல் நிற்கிறது.
இதன் குளிரைக் காப்பது என் பிழைப்பு.
வாழைக்குப் பதின்மூன்று டிகிரி, தவளைக்கு இருபத்தொன்று.
வந்த அன்று அவ்வளவுதான் தெரியும் எனக்கு.

இடப்பக்கத் தட்டில் ஒரு இனம்,
வலப்பக்கத்தில் இன்னொன்று.
கலந்துவிடக் கூடாது அப்டியேல்,
கையுறையைக்கூட மாற்றிவிட்டுத் தொடு
என்றார் டாக்டர் மிக்டாலியா.

பார்த்தேன்.
இந்தப் பக்கம் மாம்பழ மஞ்சள்,
அந்தப் பக்கம் அதே மஞ்சளில் தார் சிந்தின கறுப்பு.
இதில் என்ன கஷ்டம் என்றிருந்தேன்.
ஒரு மாதம் பழகியதும்
இந்தப் பக்கத்திலும் இரண்டு பொட்டுக்காரிகள்,
அந்தப் பக்கத்தில் ஒரு துளி கறுப்பில்லாத ஒருத்தி.
நிறத்தை நம்பாதே என்றார்.
தோலில் ஊறும் நஞ்சு வேறாம். மலைச்சரிவு வேறாம்.
இரண்டும் ஒன்றே என்று வாதாடியவர்களும் உண்டாம்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள்.
இவை வாயைப் பெரிதாக நம்பியதில்லை.
பாறையில் அறையும் ஓடையில் குரல் எம்மாத்திரம்?
முன்னங்கையைத் தூக்கி ஒரு சுற்று.
வா என்பதற்கும் அதுதான், போடா என்பதற்கும் அதுதான்.
ஆனாலும் கெட்டன.
பூஞ்சை ஏறிய ஆற்றில்
ஒரு மழைக்காலம் முழுக்க நடந்து
வெறும் பூட்ஸோடு திரும்பியிருக்கிறார் டாக்டர்.

செத்தால் தங்கமாகும் என்று
என் மாமா ஒன்றைத் தகர டப்பாவில் வைத்திருந்தார்.
நாலாம் நாள் திறந்தார்.
லாட்டரிச் சீட்டில் மட்டும் அது இன்னும் மின்னுகிறது.

அக்டோபரில் மின்சாரம் போன இரவு
தொட்டிகளை இருட்டில் இடம் மாற்றினோம்.
பதினொன்றின் சீட்டு ஈரத்தில் உரிந்து
யார் செருப்பிலோ ஒட்டிப் போய்விட்டது.
உள்ளே மூன்று. மஞ்சள், கொஞ்சம் பொட்டு.
டார்ச்சை அடித்து அடித்துப் பார்த்தார்.
இருபது வருடப் படிப்பு. உதட்டைப் பிதுக்கினார்.

பஞ்சுக்குச்சியால் தோலைத் தடவி நகரத்துக்கு அனுப்பினோம்.
ஆறு வாரம் என்றார்கள்.
அதுவரை நடுவில், தனி மேசையில்.
இந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை எழும்,
அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று.
நடுவிலிருந்த மூன்றும்
இரு பக்கமும் திரும்பித் திரும்பிக் கையாட்டின.
நான் பார்த்ததை டாக்டர் குறிப்பேட்டில் எழுதவில்லை.

முடிவு வந்தபோது
நான் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் குந்தியிருந்தேன்.
கதவில் நின்று ஏதோ கத்தினார்.
இயந்திரம் அதை விழுங்கிற்று.
கத்திச் சலித்து, கையைத் தூக்கி
ஒரு சுற்றுச் சுற்றி, ஒரு பக்கம் காட்டினார்.
புரிந்ததுபோல நானும் கையைத் தூக்கினேன்.

அவருக்கு இடமா, எனக்கு இடமா?
போல்ட்டை முடுக்கிவிட்டு
போய்த்தான் கேட்க வேண்டும்.