அரை கப் சர்க்கரை

மாதக் கடைசி.
டப்பாவைக் கவிழ்த்து முதுகில் தட்டித் தட்டிச் சேர்த்தால்
அரை கப் சர்க்கரை.
காயப்போட்டு மறந்த காலுறை மாதிரி விறைத்த
நாலு நாள் ரொட்டி.
பால் ஒரு லிட்டர்.
முட்டை மூன்று, அதில் ஒன்று கீறல்.

பைசாண்டுவில் ஜூலை மாதம்
ஆற்றிலிருந்து எழுந்து வரும் குளிர்
கதவைத் தட்டுவதில்லை.

அரை கப்பை வைத்துக்கொண்டு
இரண்டில் ஒன்றுதான் ஆகும்:
பாலை இனிப்பாக்கலாம்,
அல்லது பாகு காய்ச்சலாம்.
பாலில் போட்டால்
எல்லா வாய்க்கும் சமமாய்ப் போய்ச் சேரும்,
போனதே தெரியாது.
பாகு மேலோடு நின்றுவிடும்,
ஆனால் மினுங்கும்.
நான் பாகுக்காரி.

பகலெல்லாம் ஷெட்டில் ஆரஞ்சு பிரிக்கிற வேலை.
ஒரே அளவாய் உருண்டவை கப்பல் ஏறும்.
மருவும் தழும்பும் உள்ளவை என் பையில் ஏறும்.
அப்படி ஒன்றின் தோலைச் சீவிப் பாலில் போட்டேன்,
ரொட்டியைப் பிய்த்து அமுக்கினேன்.
அது குடித்தது, குடித்தது,
போதும் என்று சொல்லவே இல்லை.

சட்டியில் சர்க்கரை
ஒன்றும் நடக்காததுபோல் கிடந்தது.
அப்புறம் ஓரம் வியர்த்தது.
அப்புறம் தேன்.
"அம்மா, இன்னொரு ஷூ எங்கே?"
லாசாரோ கேட்ட அந்த நொடியில்
தேன் தாண்டி, செங்கல் தாண்டி,
பழைய சேணத்தின் நிறத்துக்குப் போய்விட்டது.
பிள்ளையின் ஷூவைவிட அந்த நொடி பெரிது.
இதை நான் வெளியே சொல்லவில்லை.
கருகல் வாசனை மட்டும் ஜன்னல் ஏறி
ஸுல்மா வீட்டுக்குப் போனது.

கொதிதண்ணீருக்குள் அச்சை இறக்கி மூடி
இருபது நிமிடம்கூட ஆகவில்லை.
நீலச் சுடர் மஞ்சளானது,
ஒரு விக்கல் விக்கியது,
சிலிண்டர் காலி.
ஞாயிறு இரவு. கடை காலையில்தான்.

ஸுல்மாவிடம் எப்போதும் ஒரு சிலிண்டர் கூடுதலாய் இருக்கும்.
ஆனால் மார்ச்சிலிருந்து பேச்சில்லை.
அவள் சேவல் என் பார்ஸ்லிப் பாத்தியைக் கிளறியது,
நான் செருப்பை எறிந்தேன்.
சேவலுக்கு ஒன்றும் ஆகவில்லை.
கண்ணாடி ஜன்னலுக்கு ஆனது.

ஆகவே சட்டியைத் தண்ணீரோடு தூக்கி
செய்தித்தாளில் சுற்றினேன்,
அதன்மேல் அடெமாரின் போன்ச்சோ.
அவன் வடக்கே யூகலிப்டஸ் வெட்டப் போய்
ஐந்து வாரம்.
சுற்றியதைக் கட்டிலில் அவன் பக்கம் வைத்தேன்.
விடியும் வரை சூடு இருந்தது.
குறட்டை இல்லை.

காலையில் தட்டில் கவிழ்த்தேன்.
ஒரு பாதி நின்றது.
மறு பாதி, கல்யாண வீட்டில் கடைசியாய் எழுந்திருக்கிற மாமா மாதிரி
மெல்லச் சாய்ந்து உட்கார்ந்தது.
பாகு கறுப்பாய் வழிந்து தட்டின் பூவை மூடியது.
லாசாரோ ஒரு கரண்டி எடுத்து,
"கசக்குது" என்றான்.
பிறகு பேசவில்லை,
தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

கதவு தட்டும் சத்தம்.
"ராத்திரி ஏதாவது எரிஞ்சுதா?"
ஸுல்மா. கோட்டுக்குள்ளே இரவு உடை.
பதில் சொல்வதற்குப் பதில்
நின்ற பாதியில் ஒரு துண்டு வெட்டி நீட்டினேன்.
(சாய்ந்த பாதியை அவளுக்குக் காட்டுவேனா?)

வாசலிலேயே நின்று தின்றாள்.
கரண்டியைத் திருப்பி அதன் முதுகையும் நக்கினாள்.
யோசித்தாள்.
"ஒரு சிட்டிகை உப்பு போட்டிருக்கலாம்."

கோபம் வந்தது.
இன்னொரு வாய் எடுத்துப் பார்த்தேன்.

போட்டிருக்கலாம்தான்.
அடுப்புக்கு மேலே, அலமாரியில்,
டப்பா நிறைய இருந்தது உப்பு.