புதிய வாடிக்கையாளர்

போன ஆடியில் கையெழுத்துப் போட்டபோது
நானூற்றுத் தொண்ணூற்றொன்பது.
இந்த ஆடியில் எண்ணூற்று நாற்பத்தொன்பது, வரி தனி.
கம்பி அதே கம்பி.
சோளிங்கர் ரோட்டுக் கம்பத்திலிருந்து இறங்கி
எதிர்வீட்டு முருங்கையை ஒரு சுற்றுச் சுற்றி
என் சன்னலுக்குள் நுழைகிறதே, அதுதான்.
தூறல் விழுந்தால் படுத்துக்கொள்ளும் வழக்கமும் மாறவில்லை.

கிருஷ்ணாபுரம் அணையை அந்தப் பக்கம் திறந்தால்கூட
இந்தப் பக்கம் ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்கிறார்கள்:
கொசஸ்தலையில் இறங்காதீர்கள்,
தெலுங்கில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை.
இது சத்தமே இல்லாமல்
முழங்கால் வரை ஏறியிருக்கிறது.

போன் போட மொட்டைமாடிக்குப் போனேன்.
அங்கேதான் சிக்னல், அதுவும் நகரி டவர்.
ஆந்திரப் பிரதேசத்துக்கு நல்வரவு என்றது குறுஞ்செய்தி.
நான் வந்தது துணி காயப்போட.

தமிழுக்கு ஒன்றை அழுத்தினேன், தெலுங்கு வந்தது.
பரவாயில்லை.
பள்ளிப்பட்டில் பிறந்தவளுக்கு
இரண்டிலும் கோபப்படத் தெரியும்.
கட்டணச் சந்தேகத்துக்கு மூன்று.
மூன்றை அழுத்தினால் புல்லாங்குழல்.
இரண்டு பாவாடை காய்கிற நேரம் வரை புல்லாங்குழல்.

பிறகு ஒரு பெண்.
உங்கள் ஒப்பந்தக் காலம் நிறைவடைந்துவிட்டது மேடம் என்றாள்,
இழவு வீட்டில் பேசுகிற குரலில்.
சலுகை புதியவர்களுக்கு மட்டுமாம்.
பன்னிரண்டு மாதம், ஒரு நாள் தவறாமல் கட்டியிருக்கிறேனே என்றேன்.
அதனால்தான் மேடம், என்றாள்.
வாய்தவறி வந்ததா, எழுதிக்கொடுத்ததா தெரியவில்லை.

நான் சென்னை ஆஸ்பத்திரி ஒன்றுக்கு
பில் தட்டச்சு செய்கிறவள்.
பக்கத்துக்கு ஏழு ரூபாய். மூன்று வருடமாக ஏழு.
என் ஒப்பந்தமும் எப்போதோ முடிந்துதான் போனது,
ஏற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை,
எனக்கும்தான்.

கரும்புத் தோட்டத்துக்கு அந்தப் பக்கம்
ஓரகத்தியின் தங்கை வீட்டில் முந்நூற்றைம்பது.
அவளுடைய கேபிள்காரரைக் கேட்டேன்,
வயரை இப்படிக் கொஞ்சம் இழுத்துவிடுங்களேன் என்று.
லைசென்ஸ் எல்லை தாண்டாதம்மா என்றார்.
ஆடு தாண்டுகிறது.
அணைத் தண்ணீர் தாண்டுகிறது.
அவர் பெண்ணையே இங்கேதான் கொடுத்திருக்கிறார்.

கடைசியில் நான்கை அழுத்தினேன், துண்டிக்க.
முதல் மணியிலேயே எடுத்தார்கள்.
இந்தத் தடவை ஆண்குரல், தேன்.
உங்களுக்காக எழுநூற்றுத் தொண்ணூற்றொன்பது.
ஐம்பது ரூபாய்ப் பாசம்.
வேண்டாம், பெட்டியை எடுத்துப்போகச் சொல்லுங்கள்.

பெட்டியை எடுக்க யுகந்தர் வந்தான்.
போன ஆடியில் மாட்டியவனும் இவன்தான்.
வயரை வெட்டப் போனவன்
கட்டரை அப்படியே பிடித்துக்கொண்டு
வாசலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
அக்கா, வீட்டில் வேற யார் பேரில் ஆதார் இருக்கு?

நாத்தனார் தேசம்மா பேரில் இருக்கிறது.
புத்தூரில் கட்டிக்கொடுத்து
ஆறு வருடத்தில் ஒரு டிரங்குப்பெட்டியோடு திரும்பியவள்.
அவளுடைய பட்டன் போனுக்கு ஓடிபி வந்தது.
விரிசல் கண்ணாடியில் மூன்றா எட்டா தெரியவில்லை,
இரண்டாம் தடவைதான் சரியாகச் சொன்னேன்.
கட்டர் பைக்குள் போனது.
பெட்டி அதே ஆணியில் இருந்தது,
அதே நான்கு விளக்கு, அதில் அதே ஒன்று சிவப்பு.
நானூற்றுத் தொண்ணூற்றொன்பது.

கொஞ்ச நேரத்தில் அவளுக்குச் செய்தி வந்தது:
அன்புள்ள தேசம்மா, எங்கள் குடும்பத்துக்கு உங்களை வரவேற்கிறோம்.
தையல் மிஷினை நிறுத்திவிட்டு
இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.
படித்தேன்.

எத்தனை நாளைக்கு வதினே, என்றாள்.
அடுத்த ஆடி வரைக்கும்.

காலண்டர் தாளில் குறித்துவைத்தேன்.
மகளுக்குப் பதினெட்டு முடிவது ஐப்பசியில்தான்.
நடுவில் மூன்று மாதம்
முழு விலை கட்ட வேண்டியிருக்கும்.